வெள்ளத்தில் நின்ற காரைப் ‘பாதிப்பு இல்லை’ என்று விற்றது குறித்த புகார்

சென்னை
27.01.2025

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர்,
பழைய கார் விற்பனைப் பிரிவு,
சென்னை.

ஐயா / அம்மா,

ஜனவரி 6 அன்று உங்கள் கிளையில் ரூ.3,15,000 கொடுத்து வாங்கிய வேகன் ஆர் விஎக்ஸ்ஐ (பெட்ரோல், 2017 ஆகஸ்ட் தயாரிப்பு) பற்றிய புகார் இது. ரசீது, ஆய்வறிக்கை, படங்கள் இணைப்பில் உள்ளன. லைசென்ஸ் எடுத்து மூன்றே மாதம் ஆனவர் ஓட்டப் போகிறார் என்று முதலிலேயே சொல்லித்தான் வண்டி கேட்கப்பட்டது. சீட் உயரம், முன்னால் ரோடு நன்றாகத் தெரியும், ஸ்டியரிங் லேசு என்றார் உங்கள் விற்பனையாளர். மாடலைப் பற்றி அவர் சொன்னதில் குறையில்லை. குறை இந்த ஒரு வண்டியில்.

உங்கள் ஆய்வறிக்கையில் ‘வெள்ளப் பாதிப்பு: இல்லை’ என்று டிக் இருக்கிறது. டிரைவர் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒன்றரை முழம் காவி நிறத்தில் கறை படிந்திருக்கிறது; அந்தக் கறை நேர்கோட்டில் முடிகிறது. பெல்ட்டின் வெளிப்பக்கத்தை ஷாம்பு போட்டுக் கழுவியவர், உள்ளே சுருண்டிருந்த பகுதியைத் தொடவில்லை. சீட்டுக்கு அடியில், அது முன்பின் நகரும் தண்டவாளம் போன்ற கம்பியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டும் துருப்பிடித்திருக்கின்றன. மழையில் கதவு வழியாகத் தெறிக்கும் தண்ணீர் அந்த இடத்துக்குப் போகாது. ஸ்டெப்னிக் குழியின் மூலையில் காய்ந்த வண்டல் விரலில் ஒட்டுகிறது. கால்மாட்டுக் கார்பெட் மேலே காய்ந்திருக்கிறது, அதைத் தூக்கினால் அடியிலுள்ள பஞ்சு அட்டை இன்னும் ஈரம். புது ஏர் பிரெஷ்னர் மூன்று மாட்டிக் கொடுத்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துருவை விடக் கவலை தருவது ஒயரிங். சேற்றுத் தண்ணீர் புகுந்த கனெக்டரின் பின்கள் உடனே கெடுவதில்லை. மாதக்கணக்கில் பச்சை பூத்து, ஒரு நாள் தொடர்பு இருக்கும், மறுநாள் இருக்காது. இந்த வண்டியில் அது தொடங்கிவிட்டது: மின்சார பவர் ஸ்டியரிங்கின் எச்சரிக்கை விளக்கு நினைத்தபோது எரிகிறது, எரியும்போது ஸ்டியரிங் கல்லாக இறுகுகிறது. கைதேர்ந்த டிரைவர் பலத்தைப் போட்டுத் திருப்பிவிடுவார். பழகிக்கொண்டிருப்பவர் வேளச்சேரி மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில் என்ன செய்வார்? கனெக்டரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் எடுத்த படம் இணைப்பு 4-இல் இருக்கிறது. பழுதைத் துடைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அடுத்து எந்த ஒயர் இணைப்பு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே அவர் கருத்து.

மீட்டர் 43,212 கிலோமீட்டர் காட்டுகிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டபோது, 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் 71,860 கிலோமீட்டரில் ஒரு ஜாப் கார்டு (சர்வீஸ் வேலைச் சீட்டு) வந்தது. வேலை விவரம்: உள் கார்பெட் கழற்றிச் சுத்தம், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மாற்றம். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது அதே டிசம்பர் 3, 4 தேதிகளில். பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைத்த தகவல் வாகனத் தொழிலே செய்யும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் நம்பும்படி இல்லை. கிளட்ச் பெடலின் ரப்பர் வரி தேய்ந்து மழுங்கியிருப்பதும் 43,000-க்கு ஒத்துவராது.

டயர்கள் ‘70 சதவீதம்’ என்று அறிக்கை சொல்கிறது. பட்டன் (டயரின் மேல் வரிகள்) ஆழம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: இரண்டு டயரில் 1116, அதாவது 2016-ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். கார் பிறந்ததே 2017 ஆகஸ்டில். காரை விட வயதான டயர் காருக்கு எப்படி வந்தது? வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒன்பது வயதை நெருங்கும் ரப்பர் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. கிளட்ச்சும் வழுக்குகிறது: நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம்தான் ஏறுகிறது. கிளட்ச் செட் மாற்ற ரூ.7,400 மதிப்பீடு (இணைப்பு 6).

காகிதமும் சரியில்லை. ஆர்சி-யில் வங்கிக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை; வங்கியின் தடையின்மைச் சான்றும் அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் தரப்படவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையொப்பம் வாங்கிக்கொண்டீர்கள், ஆனால் இன்றுவரை விண்ணப்பம் போகவில்லை. இன்சூரன்ஸ் பழைய உரிமையாளர் பெயரில், அவருடைய நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான) தள்ளுபடியோடு அப்படியே இருக்கிறது. அந்தத் தள்ளுபடி ஆளோடு போவது, வண்டியோடு வருவதல்ல. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்றக் கோர வேண்டும் என்பதை உங்கள் ஊழியர் ஒருவரும் சொல்லவில்லை. ஜனவரி 20-உடன் அந்தக் கெடு முடிந்துவிட்டது. இன்று மோதினால் சொந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது.

‘ஏழு நாளில் திருப்பித் தரலாம்’ என்பது உங்கள் விளம்பரம். மூன்றாம் நாளான ஜனவரி 9 அன்றே ஸ்டியரிங் விளக்கு பற்றிப் புகார் பதிவு செய்யப்பட்டது. புகார் எண் இணைப்பில் உள்ளது. பொங்கல் லீவு முடியட்டும் என்று சொல்லி ஜனவரி 18-க்கு ஒர்க்‌ஷாப் நேரம் கொடுத்தீர்கள். அன்று போனால், ஏழு நாள் தாண்டிவிட்டது, இனித் திரும்ப எடுக்க முடியாது என்று பதில். நாளைக் கடத்தியது யார் என்பதை உங்கள் அழைப்புப் பதிவே சொல்லும். ‘உள்ளது உள்ளபடி’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டினார் கிளை மேலாளர். வெள்ளம் இல்லை, 43,212 கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்த பிறகு அந்த வரி உங்களைக் காப்பாற்றாது.

கேட்பது இவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு ரூ.3,15,000-ஐயும், உங்களுக்குச் செலுத்திய பெயர் மாற்றக் கட்டணம் ரூ.6,500-ஐயும் வங்கிக் கணக்கில் திருப்புங்கள். அதோடு, வண்டி உங்களிடம் திரும்ப வந்ததற்கான தேதியிட்ட ஒப்புகை எழுத்தில் வேண்டும். நாளை யாரோ ஓட்டி விபத்தானால் எங்கள் தலையில் விழக்கூடாது. பழுது பார்த்துத் தருகிறோம், வேறு வண்டி மாற்றித் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்படும். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு அங்கே கட்டணமும் இல்லை. அதுவரை வண்டி ஓட்டப்படாமல் வீட்டு வாசலில் நிற்கும். எடுக்க வருபவர் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, காரை மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியோடு வரட்டும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: 9 தாள்கள், 14 படங்கள்