வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

உன் லெட்டர் கிடைச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க. இங்க எல்லாரும் சௌக்கியம்.

டிரான்ஸ்ஜெண்டரா இருக்கிறது அடையாளமா இல்ல மருத்துவப் பிரச்சனையான்னு கேட்டிருந்த. உன் கிளாஸ் பிள்ளை ஒண்ணு உன்கிட்ட மனசு விட்டுப் பேசினதாலதான் கேக்குறேன்னு எழுதியிருந்ததால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

அது அவங்க யாருங்கிறது, வியாதி இல்லடி. டிரான்ஸா இருக்கிற என் அக்கா பொண்ணு மேல உள்ள பாசத்துல மட்டும் சொல்லல. அமெரிக்க மனநல டாக்டர்களோட டிஎஸ்எம் புத்தகத்துல 1980-ல இது மனநோய் லிஸ்ட்ல ஏறுச்சு, 2013-ல அவங்களே மாத்தி, அப்படி இருக்கிறது கோளாறு இல்ல, அதனால ஒருத்தர் கடுமையா வேதனைப்பட்டா அந்த வேதனைக்குத்தான் சிகிச்சைன்னு சொல்லிட்டாங்க. உலக சுகாதார நிறுவனமும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு நம்பர் குடுக்குற அவங்க நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல, இத மனநோய் பகுதியில இருந்து எடுத்து பாலியல் நலம் சம்பந்தமான பகுதிக்கு கொண்டுபோயிட்டாங்க, 2019-ல ஏத்துக்கிட்டு 2022-ல நடைமுறைக்கு வந்துச்சு.

அப்போ லிஸ்ட்ட விட்டே ஏன் தூக்கலன்னு கேப்ப. அந்த கோடு நம்பர் இல்லன்னா பல இடத்துல ஹார்மோனுக்கோ சர்ஜரிக்கோ இன்சூரன்ஸ் காசு தராது. கர்ப்பத்த யாரும் நோய்னு சொல்றதில்ல, ஆனா டாக்டர் வேணும், ஸ்கேன் வேணும், அதுக்கும் ஐசிடியில கோடு இருக்கு, இதையும் அப்படித்தான் பாக்கணும். இதுல சிகிச்சையே வேண்டாங்கிறவங்களும் இருக்காங்க, அதுக்காக அவங்க திருநங்கையோ திருநம்பியோ இல்லன்னு ஆயிடாது.

என்னை உறுத்துறது வேற. அக்கா பொண்ண கவுன்சிலிங் கூட்டிட்டுப் போனது நான்தான். சின்ன வயசுல எந்த பொம்மை வச்சு விளையாடின, கண்ணாடிய பாத்தா உன் உடம்பு மேல வெறுப்பு வருமான்னு கேட்டுக்கிட்டே போனாங்களாம். வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "அழுதா நம்புவாங்களா சித்தி, இல்ல அழாம இருந்தாத்தான் நம்புவாங்களா"ன்னு கேட்டா. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. தான் யாருன்னு சொல்றதுக்கு இன்னொருத்தர்கிட்ட பரீட்சை எழுதி பாஸாகணுமா? அர்ஜென்டினாவுல 2012-லயே சட்டம் போட்டு, டாக்டர் சர்டிபிகேட்டும் கோர்ட்டு உத்தரவும் இல்லாமலே பேரையும் பாலினத்தையும் மாத்திக்கலாம்னு வச்சுட்டாங்க, அதுதான் நியாயம்னு எனக்குப் படுது.

டிரான்ஸ் மக்களுக்குள்ளயே இதுல ஒத்த கருத்து இல்ல. மருத்துவ விஷயம்னு சொன்னாத்தான் வீட்டுல நம்புறாங்க, இல்லன்னா கொழுப்புன்னு திட்டுறாங்கன்னு சிலர் சொல்றாங்க, அவங்க பட்ட பாடு அப்படி, அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா ஒரு பிள்ளைய மதிக்கிறதுக்கு டாக்டர் சீட்டு வேணும்னா கோளாறு வீட்டுலதான இருக்கு?

உன் ஸ்டூடண்ட் விஷயத்துல டாக்டர் யாருன்னு தேடுறத அப்புறம் வச்சுக்கோ. என்ன பேர் சொல்லி கூப்பிடணும், யாருக்கெல்லாம் தெரியலாம்னு முதல்ல அந்தப் பிள்ளைகிட்டயே கேளு. உன்கிட்ட சொன்னத அதுகிட்ட கேக்காம வீட்டுக்கு நீயா சொல்லிடாத, சில வீடுகள்ல அடி விழும், வெளியவே அனுப்பிடுவாங்க. சரியா தூங்கல, சாப்பிடல, செத்துடலாம் போல இருக்குன்னு பேச்சு வந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப்போடாம நல்ல மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், அது டிரான்ஸா இருக்கிறதுக்கு வைத்தியம் இல்ல, அந்த வலிக்கு.

அக்கா பொண்ணு உன்கிட்ட பேசணும்னு சொன்னா, அந்தப் பிள்ளைக்கும் பேச ஆள் வேணும்னா, தான் இருக்கேன்னு சொல்லச் சொன்னா. கேட்டுட்டு எழுது.

அன்புடன்,
மல்லிகா