கோடிங் படிக்கிறவங்களுக்கு லியோவையும் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ல தொடக்கப்பள்ளி பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்கு 2020லேர்ந்து கோடிங் கட்டாயமாயிடுச்சு, பெரியவங்களும் அரசாங்கம் படிக்கிறதுக்குத் தர்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்ட வச்சு பைத்தான்ங்கிற கோடிங் மொழி கிளாஸ் போறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா எதுல எழுதுறதுன்னு கேட்டா எல்லாரும் மைக்ரோசாஃப்ட்டோட விஎஸ் கோடத்தான் காட்டுறாங்க. லியோன்னு ஒரு எடிட்டர், அதாவது கோட் எழுதுற சாஃப்ட்வேர், இருக்குன்னு யாரும் வாயத் திறக்கிறதில்ல.

எட்வர்ட் ரீம்ங்கிறவர் ஆரம்பிச்சது, பைத்தான்லயே எழுதினது, ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோட யார் வேணும்னாலும் பாக்கலாம், மாத்தலாம், அதுக்கு எம்ஐடி லைசென்ஸ்ங்கிற அனுமதி இருக்கு, ஒரு வெள்ளி செலவில்ல. ஒரு பக்கம் தலைப்புங்க மரம் மாதிரி கிளை கிளையா இருக்கும், எந்தத் தலைப்ப தட்டுறீங்களோ அதோட கோட் மட்டும் தனியா தெரியும்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தோட (எல்டிஏ) டேட்டாமால்ங்கிற இணையத்தளத்துல பஸ் வர்ற நேரத்த இலவசமா தர்றாங்க இல்ல, அத எடுத்துக் காட்டுற ஒரு சின்ன புரோகிராம்னு வச்சுக்குங்க. பஸ் இன்னும் எத்தன நிமிஷத்துல வரும்னு டேட்டாமால் நேரா சொல்லாது, எத்தன மணிக்கு வரும்னுதான் சொல்லும், இப்போதைய நேரத்த நாமதான் கழிக்கணும். புதுசா படிக்கிறவங்க தடுமாறுறது அங்கதான். லியோல ‘டேட்டா வாங்குறது’, ‘நேரம் கழிக்கிறது’, ‘ஸ்கிரீன்ல காட்டுறது’ன்னு தமிழ்லயே தலைப்பு போட்டு யோசிச்சிட்டு அப்புறம் உள்ள கோட் எழுதலாம், மேல கீழ நகர்த்தலாம். விஎஸ் கோட்லயும் அவுட்லைன் இருக்கேன்னு கேப்பீங்க, அது எழுதி முடிச்ச ஃபங்ஷன் பேர வரிசையா காட்டும், அவ்ளோதான், நம்ம யோசனைப்படி அடுக்க முடியாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது க்ளோன். நேரம் கழிக்கிற இடத்துல பக், அதாவது தப்பு, இருந்தா அந்தத் தலைப்பையும் அத சரிபாக்குற டெஸ்ட் கோடையும் க்ளோன் பண்ணி ‘இன்னிக்குப் பாக்கணும்’ங்கிற தலைப்புக்குக் கீழ போட்டுக்கலாம், காப்பி கிடையாது, ரெண்டும் ஒண்ணுதான், இங்க திருத்தினா அங்கயும் மாறிடும், வேலை முடிஞ்சதும் இந்த க்ளோன அழிச்சாலும் அசல் அதோட இடத்துலயே இருக்கும்.

குறையும் இருக்கு. பாக்க பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், பழகவும் கொஞ்சம் நாள் ஆகும். தலைப்புல அட்ஃபைல்னு (@file) போட்டா லியோ ஃபைலுக்குள்ள தன்னோட அடையாளத்துக்கு கமென்ட் வரியெல்லாம் சேத்துடும், கூட வேலை செய்றவங்க இது என்னடா குப்பைன்னு கேப்பாங்க, ஆனா அட்கிளீன் (@clean) போட்டா ஃபைல் சுத்தமா இருக்கும், மத்தவங்க அதுல மாத்தினதையும் லியோ திரும்ப எடுத்துக்கும். ஈமேக்ஸ்ங்கிற இன்னொரு எடிட்டர் வச்சிருக்கிறவங்க, இதே மாதிரி தலைப்பு போட்டு அடுக்க அதுல ஆர்க் மோட் இருக்கேம்பாங்க, 2003ல கார்ஸ்டன் டொமினிக்னு ஒரு வானியல் ஆராய்ச்சியாளர் எழுதினது, அருமையான சாமான், ஆனா அதுக்கு முதல்ல ஈமேக்ஸ் பழகணும், பள்ளிக்கூடப் புள்ளைக்கு அது தேவையா?

உங்க பத்திரிகைல போன், கேம்ஸ் பத்தி வர்ற இடத்துல மாசம் ஒரு தடவை இந்த மாதிரி ஓப்பன் சோர்ஸ் சாமான் ஒண்ணப் பத்தி தமிழ்ல எழுதுங்க. நூலகத்துல தமிழ் நிகழ்ச்சி நடத்துறவங்க ஒரு சனிக்கிழமை இடம் குடுத்தா லியோவ போட்டுக் காட்ட நான் ரெடி, பைத்தான் இருக்கிற லேப்டாப்ப மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க, லியோவ லேப்டாப்ல போடுற ‘பிப் இன்ஸ்டால் லியோ’ (pip install leo) கட்டளைலேர்ந்து அங்கயே ஆரம்பிச்சிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்