ஓங்கில் படகு பற்றி அண்ணனுக்கு

இட்டோ, ஜப்பான்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு ஆறாம் மாதம் என்று அம்மா சொன்னாள். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

காரங்காட்டில் வனத்துறையோடு சேர்ந்து படகு விடுகிறார்களே, அதுபோல நம்மூரில் ஓங்கில், அதாவது டால்பின், காட்டப் படகு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பான்காரர்கள் ஓங்கில் வேட்டையை விட்டுவிட்டு இதில்தான் சம்பாதிக்கிறார்கள் என்று ராமநாதபுரத்து ஏஜெண்ட் ஒருவர் சொன்னாராம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஏஜெண்ட் சொன்னதில் பாதிதான் சரி.

நான் இருக்கும் இட்டோ, இசு தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஊர் முழுக்க வெந்நீர் ஊற்று விடுதிகள். எனக்குச் சமையற்கட்டில் வேலை, விடிகாலையில் கருவாடு சுடுவது என் பொறுப்பு. பாரை இனத்து மீன் ஒன்றை வயிறு கீறி, விரித்து, அரைக்காய்ச்சலாகக் காயவைத்துச் சுடுகிறார்கள். நம் கருவாட்டின் உப்பும் இல்லை, வாசமும் இல்லை. வாழ்க்கை கருவாட்டில் தொடங்கியது, இங்கும் கருவாடுதான் என்று சிரித்துக்கொள்வேன்.

இங்கிருந்து தெற்கே சில ஸ்டேஷன் தள்ளி ஃபுட்டோ என்று ஒரு சின்னத் துறைமுகம். எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. நீங்கள் கேட்ட கதை அங்கே நடந்ததுதான். கரையை ஒட்டி வெதுவெதுப்பான நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஓடுவதால் ஓங்கில் கூட்டம் கூட்டமாக வரும். படகுகள் வரிசை கட்டி நின்று, இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி மேல்முனையைச் சுத்தியலால் தட்டுவார்கள். ஓங்கில் காதை வைத்துத்தான் வழி பார்க்கும். சத்தத்துக்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடும், அந்த எதிர்ப்பக்கம்தான் துறைமுகம். உள்ளே போனதும் வலையால் வாயை அடைத்துவிடுவார்கள். 1950, 60களில் இசு கரையில் வரி ஓங்கில் மட்டும் ஆண்டுக்கு 10,000க்கு மேல் பிடித்த ஆண்டுகள் உண்டு. அப்புறம் வரத்தே குறைந்துபோனது. சட்டமோ இரக்கமோ வருவதற்கு முன்னால் கடலே கையை விரித்துவிட்டது.

எங்கள் சமையற்கட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் ஓங்கில் இறைச்சியை ஒரு வேர்க்கிழங்கோடு மிசோ என்ற சோயா விழுதில் வேகவைத்துச் சாப்பிட்டதைக் கண் மூடிச் சொல்வார். இந்த மாவட்டத்தில் சில கடைகளில் இன்றும் அது கிடைக்கும். அவரைக் கொடுமைக்காரி என்று என்னால் நினைக்க முடியவில்லை. நம் தாத்தா ஆவுளியா என்ற கடற்பசுவின் கறியைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே முகம். பக்கத்தில் இனாட்டோரி என்ற ஊரில், கொன்ற ஓங்கில்களுக்காக முன்னோர் நட்ட நினைவுக்கல்கூட இருக்கிறது. ஆனால் இந்த அம்மாவே கர்ப்பமாக இருந்த மருமகளுக்கு அந்த இறைச்சியைக் கொடுக்கவில்லை. அதில் பாதரசம் அதிகம். புட்டிமூக்கு ஓங்கில் என்ற வகையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் 80 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று அரசே 2003இல் சொல்லிவிட்டது. பாதரசம் கலந்த மீனால் வந்த மினமாட்டா நோயைப் பார்த்த நாடு இது, பாதரசம் என்றால் சும்மா விடமாட்டார்கள்.

சரி, வேட்டைக்கு வருகிறேன். 1996இல் ஃபுட்டோவில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பிடித்தது பெரிய சர்ச்சையானது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, இசுமி இஷீ என்ற ஃபுட்டோ மீனவர் வேட்டையை விட்டார். அவரும் குழாய் தட்டியவர்தான். 2002இல் தன் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓங்கில் காட்டக் கிளம்பினார். எங்கே வரும், எந்தக் காற்றுக்கு வரும், பறவை எப்படி வட்டமிட்டால் கீழே கூட்டம் இருக்கும் என்று வேட்டையில் கற்றதெல்லாம் அப்படியே இதற்கும் பயன்படும் அல்லவா? ஏஜெண்ட் சொன்ன பாதி இதுதான்.

மீதிப் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார். ஒருவர் மாறியதால் துறைமுகம் மாறிவிடவில்லை. அவர் படகு விட்ட பிறகும், 2004இல் அங்கே ஒரு வேட்டை நடந்தது. அதோடு நின்றது என்று பார்த்தால், 2019இல் மறுபடி பிடிக்கப் போகிறோம், கொல்லமாட்டோம், உயிரோடு மீன் காட்சியகங்களுக்கு விற்போம் என்று பேச்சு கிளம்பியது. ஏன் தெரியுமா? இறைச்சிக்கு விற்றால் கிடைப்பதைவிட, தொட்டியில் குதித்துக் காட்டும் ஓங்கிலுக்குப் பல மடங்கு விலை.

தைஜி என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இங்கிருந்து மேற்கே வெகு தூரம். சுமார் 3,000 பேர் வாழும் ஊர், 1606இலிருந்தே கூட்டமாகத் திமிங்கிலம் பிடித்தவர்கள். இப்போது நடக்கும் ஓங்கில் விரட்டு வேட்டை 1969இல் தொடங்கியது, அதே ஆண்டுதான் அங்கே திமிங்கில அருங்காட்சியகமும் திறந்தது. வேட்டை செப்டம்பரில் ஆரம்பமாகும். பிடித்ததில் வடிவானதைக் காட்சியகத்துக்குப் பிரிப்பார்கள், மற்றதை இறைச்சிக்கு. சுற்றுலாக்காரர்களும் வருகிறார்கள், ஓங்கிலோடு தண்ணீரில் இறங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அப்படியானால் சுற்றுலா வந்தால் வேட்டை போய்விடும் என்று எப்படிச் சொல்வது? தைஜியில் சுற்றுலாதான் வேட்டைக்குச் சோறு போடுகிறது. 2015இல் உலகக் காட்சியகச் சங்கம் நெருக்கிய பிறகுதான், தைஜியில் பிடித்த ஓங்கிலை இனி வாங்கக் கூடாது என்று ஜப்பான் சங்கம் தன் உறுப்பினர்களைத் தடுத்தது. சங்கத்தில் சேராத காட்சியகங்களும் வெளிநாட்டு வியாபாரிகளும் இருக்கும்வரை சந்தை மூடப்போவதில்லை.

ஆட்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டிக்குள் பார்த்தால் பிடிப்பவனுக்குக் காசு. கடலில் பார்த்தால் படகுக்காரனுக்குக் காசு. இரண்டையும் சுற்றுலா என்றே எழுதுகிறார்கள்.

கடலில் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள மிக்குரா தீவுக்குப் போனேன். டோக்கியோவிலிருந்து ராத்திரிக் கப்பல், விடிகாலையில் தீவு. முதலில் போனபோது அலை அதிகம் என்று துறையில் கட்டாமலே கப்பல் தாண்டிப் போய்விட்டது. தங்க ஏற்பாடு செய்த விடுதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போன் போட்டால், அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இது இங்கே வழக்கம். இன்னொரு நாள் போய் இறங்கினேன். ஊரில் சுமார் 300 பேர்தான். அறை பேசிவைக்காமல் போய் இறங்க முடியாது, கூடாரம் போடவும் கூடாது. அதனால் ஊர் தாங்கும் அளவுக்குத்தான் கூட்டம் வருகிறது. குளிர்காலத்தில் ஓங்கில் படகே கிடையாது. தொடாதே, தீனி போடாதே, அது விலகினால் பின்னால் போகாதே என்று கிளம்புமுன்னே சொல்லிவிடுகிறார்கள். 1994இலிருந்து ஒவ்வொரு ஓங்கிலையும் துடுப்பில் உள்ள வெட்டையும் தழும்பையும் வைத்து அடையாளம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் குதித்தபோது ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓங்கில் நம் வலையைக் கிழித்து மீனை எடுத்துக்கொண்டு போகும்போது நீங்கள் அதன் தலைமுறைகளையே திட்டுவீர்களே, அந்த ஞாபகம் வந்து தண்ணீருக்குள்ளேயே சிரித்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதுதான் மிச்சம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் எதிர்க்கரையில், இலங்கையில், கற்பிட்டி இருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுழன்று குதிக்கும் ஓங்கில் நூற்றுக்கணக்கில் வரும், மீனவர்களே படகு விடுகிறார்கள். ஆனால் ஒரே கூட்டத்தைப் பல படகுகள் போட்டி போட்டுச் சுற்றுகின்றன என்ற புகாரும் உண்டு. எஞ்சின் சத்தத்தோடு நாலு பக்கமும் வளைத்தால், ஃபுட்டோவில் குழாய் தட்டியவர்கள் செய்ததில் முதல் பாதியை நாமும் செய்கிறோம் என்றுதானே அர்த்தம்? வலை மட்டும்தான் பாக்கி.

இனி உங்கள் கேள்வி. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஓங்கில் பிடிக்கவே கூடாது, அதனால் விட்டுவிட நமக்கு வேட்டை இல்லை. நீங்கள் விடப்போவது கடலுக்குப் போகும் நாட்களை. அந்தக் கணக்கைப் போட்டீர்களா? வாடைக்காற்று அடிக்கும்போது மீன் பாடும் இருக்காது, சுற்றுலாவும் இருக்காது. கடன் தவணை மட்டும் வரும். ஆகவே வள்ளத்தையும் வலையையும் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு மட்டும் ஆள் ஏற்றிப் பாருங்கள். தனியாக வேண்டாம். மாமா, சின்னத்தான் எல்லாரும் சேர்ந்து முறை வைத்து ஓட்டுங்கள். இல்லையென்றால் ஒரே வருடத்தில் நாலு பேர் நாலு படகு வாங்கி ஒரே கூட்டத்தைத் துரத்துவோம். ஆவுளியா காட்டுவோம் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள், உண்மைதான். ஆனால் கலங்கின தண்ணீரில் புல் மேய்கிற பிராணி அது, மூச்சுவிட ஒரு நொடி தலை தூக்கும். காசு கொடுத்தவன் காசைத் திருப்பிக் கேட்பான்.

உரிமம், உயிர்காப்பு உடை, காப்பீடு பற்றிக் காரங்காட்டு ஆட்களிடமே நேரில் கேளுங்கள். வனத்துறை பிடித்துக்கொள்ளும் பங்கு போக ஆளுக்கு எவ்வளவு கையில் நிற்கிறது என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்கு அக்டோபரில் விடுப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. வந்ததும் நாம் இருவரும் சில நாள் வலையில்லாமல் போய், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று எழுதிவைப்போம். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள், முக்கியமாக அந்த ஏஜெண்டுக்கு.

அன்புடன்,
தம்பி