முத்துலட்சுமி ரெட்டி: பதவிகளோடு மசோதாக்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவருடைய மருத்துவப் பணியை விரிவாகச் சொன்னது. சட்டமன்றப் பணியை மட்டும் ‘முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர்’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. அவர் ‘மேலவை’ உறுப்பினர் என்பதும் சரியல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே அவை. மேலவை, கீழவை என்று பிரிந்தது 1937இல்தான்.

1926இல் பெண்கள் அவையில் அமரத் தடை நீங்கியது. அந்த ஆண்டே தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் தோற்றுப்போனார். முத்துலட்சுமி ரெட்டி அரசின் நியமனத்தில் உள்ளே வந்தார். அவருக்குத் தொகுதி இல்லை, கட்சிக் கொறடா இல்லை, அமைச்சர் பதவியும் இல்லை. 1930 வரை, நான்கு ஆண்டுகூட நிறையாத காலம். கையில் இருந்தவை தீர்மானமும், அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் மட்டுமே. அவற்றை எந்த வரிசையில் பயன்படுத்தினார் என்பதில்தான் அவருடைய அரசியல் திறமை இருக்கிறது.

1927 நவம்பரில், சிறுமிகளைக் கோயில் தெய்வத்துக்கு மணம் செய்வித்துத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றது. ஆனால் தீர்மானம் வெறும் பரிந்துரைதான். அதை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் இருக்கின்றனவே என்ற வாதமும் எழுந்தது. அந்தப் பிரிவுகள் 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணை விபச்சாரத்துக்காக ஒப்படைப்பதையும் பெறுவதையும்தான் தண்டித்தன. அந்த நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. கோயிலில் நடந்ததோ தெய்வத்துக்கு முன் ஒரு சடங்கு. வழக்கு எங்கே நிற்கும்?

அடுத்து அவர் தொட்ட இடம் மானிய நிலம். இதைத்தான் உங்கள் கட்டுரை அவசியம் சொல்லியிருக்க வேண்டும். கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பம் அனுபவித்து வந்த நிலம் விற்கவோ பங்கிடவோ கூடிய சொந்தச் சொத்து அல்ல. ஊழியம் நடக்கும்வரைதான் அனுபவ பாத்தியம். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். மகளைப் பள்ளிக்கு அனுப்பிக் கல்யாணம் செய்துவைக்க விரும்பிய தாய்கூடச் சோற்றுக்காக அவளைக் கோயிலுக்கு விட வேண்டியிருந்தது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் சடங்கை மட்டும் தடை செய்திருந்தால், குடும்பம் நிலத்தை இழந்து நடுத்தெருவுக்கு வந்திருக்கும். இல்லாவிட்டால் சடங்கு ரகசியமாக நடந்திருக்கும்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கருவி, நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த ஆட்சியில் அப்போதுதான் நிறைவேறியிருந்த இந்து சமய அறநிலையச் சட்டம். அது மாகாணத்தின் சொந்தச் சட்டம். திருத்த இந்த அவையே போதும். 1928இல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1929இல் அது ஐந்தாம் எண் சட்டமாயிற்று. ஊழிய நிபந்தனையிலிருந்து நிலம் விடுபட்டது. ஒரு தீர்வையைக் கட்டிக்கொண்டு குடும்பமே வைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்குப் பொட்டுக்கட்டினால்தான் நிலம் நிற்கும் என்ற கட்டாயம் போனது.

ஆனால் அந்தச் சட்டம் சடங்கைத் தடை செய்யவில்லை. மானியம் இல்லாத குடும்பங்களுக்கு அதனால் பலனும் இல்லை. ஆகவே 1930இல் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அது பொதுமக்கள் கருத்துக்கு அனுப்பப்பட்டது. எதிர்த்தவர்கள் சனாதனிகள் மட்டுமல்லர். தேவதாசிகளின் சங்கங்களும் மனு கொடுத்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் எதிர்த்தார்கள். பெண்வழிச் சொத்துரிமை, பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை, தங்கள் கலை எல்லாம் பறிபோகும் என்ற அவர்களின் அச்சம் பொய்யல்ல. மறுபுறம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வெளியே மேடை மேடையாகப் பேசி ஆதரவு திரட்டினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு முத்துலட்சுமி ரெட்டிக்கு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வாக்குவாதமே இன்றும் எங்கும் பேசப்படுகிறது. இந்த மனுக்களைப் பற்றிப் பேசுவார் இல்லை.

அதே 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி பதவி விலகினார். மனசாட்சிக்கு உகந்த முடிவு. ஆனால் தனிநபர் மசோதாவுக்கு அவைக்குள் அதைத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் போனதும் மசோதாவும் படுத்துவிட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947ஆம் ஆண்டின் 31ஆம் எண் சட்டம் வரும்வரை பதினேழு ஆண்டுகள் போயின. பொட்டுக்கட்டினால் ஆறு மாதம்வரை சிறை, 500 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது அது. பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும் சொன்னது.

அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிரிவுகளையாவது தமிழில் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், புதுக்கோட்டை