மாறுவேடம் போட நம்மூரிலும் ஆட்கள் உண்டு: சேலம் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஆண்டு விழா, குழந்தைகள் தினம் என்றால் மாறுவேடப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். போன வருடம் ஒரு பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மேடை ஏறினார்கள். ஒன்பது பாரதியார், ஆறு நேரு, ஐந்து ஜான்சி ராணி. எல்லாம் வாடகைக் கடை உடை. முறுக்கிய மீசைகூட ஒரே அளவு.

மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு ஜான்சி ராணியிடம், "ஜான்சி எங்க இருக்கு கண்ணு?" என்று கேட்டேன். தெரியவில்லை. "சரி, சங்ககிரி தெரியுமா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பெரியம்மா ஊருங்க மிஸ்!" அந்த மலைக்கோட்டையில் வெள்ளைக்காரர்கள் யாரைத் தூக்கில் போட்டார்கள் என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். தப்பு அவள் மேல் இல்லை. அவளிடம் யாரும் சொன்னதில்லை.

தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டு அன்று. வருடா வருடம் அந்த நாளில் பள்ளிக்கு விடுமுறை விடுகிறோம், பிள்ளைகள் காவிரிக்கரைக்குப் போகிறார்கள், மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள். அந்த நாளுக்குள் இன்னொரு கதை இருப்பதை முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிடம் சொல்லி அனுப்பினால் போதும். மைசூருக்குப் போன வரிப் பணத்தை வழியிலேயே மறித்துப் பிடுங்கிக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று அவர் சொன்னாராம். இந்த இடம் வந்தால் கடைசி வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பாரதியும் நேருவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரதியைத் தெரியாத பிள்ளை தமிழ்ப் பிள்ளையா? ஆனால் பெரியவர்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் பிறந்தவர்கள், கதை எல்லாம் எங்கோ நடந்தது என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் உறைந்துபோகிறது. அதுதான் என்னை வருத்துகிறது. தான் தினமும் நடக்கிற தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டு வளர்வது பெரிய இழப்பு.

1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்து நம் சாக்கடைக்கும் குடிதண்ணீருக்கும் பொறுப்பேற்ற வக்கீல் ராஜாஜி, 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அவருக்கும் முந்திய தலைமுறை சேலம் விஜயராகவாச்சாரியார். 1882-ல் இங்கே நடந்த கலவரத்தில் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்று, வழக்காடி நிரபராதி என்று வெளியே வந்தவர். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். திராவிடர் கழகம் என்ற பெயர் 1944-ல் பிறந்ததும் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான். அரசியலில் யார் எந்தப் பக்கம் என்பது வேறு. இத்தனையும் நம் ஊரில் நடந்தது என்பதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. வேடம் போடுவதை வெளியூரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஊரா இது? ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். கிரீடம், முகப்பூச்சு, அலங்கரித்த வண்டி எல்லாவற்றோடும் சிவனும் பார்வதியும் முருகனும் அம்மனுமாக நம் தெரு மனிதர்கள் அசையாமல் நின்று வருவார்கள். கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை "அது யாருப்பா?" என்று கேட்கும். அப்பா கதையைச் சொல்வார். வேடம் வருகிறது, கேள்வி வருகிறது, கதை வருகிறது. பள்ளி மேடையில் அந்தக் கேள்வி எழுவதில்லை, ஒன்பது பாரதியார் வரிசையாக வந்தால் யார் கேட்பார்கள்?

உத்தமசோழபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். திருமணிமுத்தாற்றங்கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கிறது. பறம்பு மலையை ஆண்ட பாரி போரில் இறந்த பிறகு ஆதரவின்றி நின்ற அவன் பெண்கள் அங்கவைக்கும் சங்கவைக்கும் ஔவையார் இங்கேதான் கல்யாணம் செய்து வைத்தார், சேர சோழ பாண்டியர் மூவரும் வந்திருந்தார்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. இரண்டு வருடம் முன்பு பன்னிரண்டு பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அங்கே கூட்டிப் போனேன். ஆறு இப்போது இருக்கும் நிலை உங்களுக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "இந்தத் தண்ணியிலயா மிஸ் முத்து இருந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு நம்மில் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோயில் வாசலில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். அப்புறம் பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் அந்தச் சின்னப் பாட்டையும் சொன்னேன். அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார். போன மாதம் இதே நிலா காய்ந்தபோது அப்பா இருந்தார், மலையும் நம்மிடம் இருந்தது, இந்த மாதம் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. அர்த்தம் சொல்லி முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. கொரோனாவில் அப்பாவை இழந்த ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்" என்றாள். சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அந்த ஐந்து வரியும் மனப்பாடம்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான். பாரியின் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்தது கபிலர் என்று அவன் அக்கா படித்திருக்கிறாள், அப்படியானால் ஔவையார் எப்படி வந்தார்? நல்ல கேள்வி. புறநானூற்றில் கபிலர்தான் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய்க் கேட்கிறார். கல்யாணம் தங்கள் ஊரில் நடந்ததாகத் திருக்கோவிலூர்க்காரர்களும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். பாட்டில் எழுதியிருப்பது இது, ஊர் சொல்வது இது, இரண்டையும் வைத்துக்கொண்டு நீயே யோசி என்றேன். கதையைச் சரித்திரம் என்று சொல்லி ஏமாற்றவும் வேண்டாம், கதைதானே என்று தூக்கி எறியவும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

மலைக்கு வருகிறேன். ஏற்காட்டிலிருந்து கீழே வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருக்கும். உடனே பக்கத்துப் பையன், "உனக்கு மலையாளம் பேசத் தெரியுமா? கேரளாவா நீ?" என்று கேட்பான். எங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு பெண் இதற்குப் பயந்தே ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய பூர்வ கதை. சேர்வராயன் மலை உச்சியில், தலை குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வைகாசி வாக்கில் திருவிழா நடக்கும்போது மலைக் கிராமமெல்லாம் அங்கே கூடும். இதை அந்தப் பெண் வாயாலேயே வகுப்பில் சொல்ல வையுங்கள். கேலி நின்றுவிடும். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனால் படகுத் துறையோடு திரும்பிவிடுகிறோம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக்கல் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இது ஆதிமனிதன் செய்த கருவி என்று கண்டவர். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர், நம் பழமொழிகளை ஆறாயிரத்துக்கும் மேல் திரட்டி 1874-ல் அச்சிட்டவர், 1882-ல் ஏற்காட்டில் காலமானவர். மாமனார் சொற்களைப் பொறுக்கினார், மருமகன் கற்களைப் பொறுக்கினார். கடல் கடந்து வந்தவர் நம் கிழவிகள் வாயிலிருந்து வந்ததை எழுதி வைத்திருக்கிறார். நம் பிள்ளைகள் தங்கள் அப்பத்தாவிடம் ஆளுக்கு ஐந்து பழமொழி கேட்டு எழுதி வந்தால் ஒரு வகுப்பிலேயே இருநூறு சேர்ந்துவிடும்.

சிக்கல்கள் உண்டு. பாடம் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். உண்மைதான், உங்கள் மேல் எத்தனை பதிவேடு, எத்தனை செயலி என்று எனக்குத் தெரியும். நல்லதங்காள் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் நியாயமானதே. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற கதையை ஒன்றாம் வகுப்பில் சொல்லக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் சொல்லலாம், பஞ்சம் என்றால் என்ன என்பது அப்போது உறைக்கும். 1950-ல் சேலம் சிறைக்குள் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த வயதுக்குத்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. வீரர்களையும் தலைவர்களையும் ஒரு சாதியின் கொடிக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. "அவர் எங்க ஆளு" என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னால், கதை அங்கேயே செத்துப்போகும். அந்த நிமிடம் ஆசிரியர் விட்டுக்கொடுக்கக் கூடாது. சின்னமலை வேடத்தை எந்தத் தெருப் பிள்ளையும் போடலாம், போட வேண்டும். அதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மாதத்தில் இரண்டு தடவை கொடுங்கள். உங்கள் ஊரில் தெருக்கூத்தில் வேடம் கட்டிய ஒருவர், உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடிய ஒருவர், மேட்டூர் அணை கட்டியபோது மூழ்கிய ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார். கூப்பிட்டு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் டீயும் கொடுத்தால் போதும். தண்ணீர் வடியும்போது பண்ணவாடியில் நந்தி தலை தெரியும், அதைப் பற்றி அந்தப் பாட்டி சொல்வதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசி முடிவெடுக்கலாம், யாருக்கும் செலவில்லை. அடுத்த மாறுவேடப் போட்டிக்கு ஒரே ஒரு விதி சேருங்கள்: பத்தில் மூன்று வேடமாவது நம் மாவட்டத்தைச் சேர்ந்தவராகவோ நம் மண்ணின் கதையில் வருபவராகவோ இருக்கட்டும். உடை வாடகைக்குக் கிடைக்காது. வீட்டில் இருக்கும் வேட்டியும் துண்டும் போதும்.

கதை சொல்ல ஆள் கிடைக்காத பள்ளிகளுக்கு நானே வருகிறேன். சனிக்கிழமை தவிர எந்த நாளும் சரி. அயோத்தியாப்பட்டணம் பக்கம் என்றால் நடந்தே வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிளை நூலகர் ஒருவர்,
சேலம்.