கட்டடத்துக்குள் இருக்கும் கடிகாரத்துக்கும் சரியான மணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடு முழுக்க இந்திய நேரத்தை ஒரே சீராகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த நேரம் கட்டடத்துக்குள் எப்படி வந்து சேரும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம்.

நான் திருப்பூரில் கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். திருட்டு நடந்து போலீஸ் வந்து பதிவைக் கேட்கும்போதுதான் திரையில் ஓடும் மணி பத்து நிமிடம் பின்னால் இருப்பதே முதலாளிக்குத் தெரியும். கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், மாதத்துக்கு ஒரு நிமிடம் தவறுவது அதற்குச் சகஜம். உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டால் கரண்ட் போய் வந்ததும் தேதியே பழைய வருடத்துக்கு ஓடிவிடும்.

சரியான நேரத்தைப் பிடிக்க ஜிபிஎஸ் வைக்கலாமே என்பார்கள். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே இருந்து வரும் சிக்னல் அது, ஒரு கான்கிரீட் தளம் குறுக்கே வந்தாலே போச்சு. ஆன்டெனாவை மொட்டை மாடியில் வைத்து வயர் இழுக்க வேண்டும், அதற்குக் கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அப்புறம் இடிக்குப் பயப்பட வேண்டும்.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே மைன்ஃப்ளிங்கனில் டிசிஎஃப்77 என்று ஒரு நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸில் நாள் முழுக்க வானொலி அலையில் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு ஒரு முறை அலையின் வலு குறையும். பத்தில் ஒரு பங்கு நொடி குறைந்தால் 0, பத்தில் இரண்டு பங்கு நொடி குறைந்தால் 1. இந்த 0, 1 வரிசையை ஒரு நிமிடம் கேட்டால் மணி, தேதி, கிழமை எல்லாம் வந்துவிடும். நீண்ட அலைநீளம் கொண்ட நெட்டலை என்பதால் சுவரைத் தாண்டி உள்ளே வரும், பழைய டிரான்சிஸ்டரில் இருந்த மாதிரி ஒரு சின்ன ஃபெரைட் குச்சியே ஆன்டெனாவாகப் போதும். சுமார் 2000 கிலோமீட்டர் வரை எட்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இதே ஏற்பாடு உண்டு. நம்மிடம் டெல்லியிலிருந்து ஏடிஏ என்று நேரம் அனுப்பும் சிற்றலைச் சேவை இருந்தது, அதை நிறுத்தியே பல வருடம் ஆகிறது. ஆகாசவாணி செய்திக்கு முன் வரும் பீப் ஒலியையும் செயலியில் கேட்டால் பல நொடி தாமதம்.

நாக்பூர் பக்கம் ஒரு நெட்டலை நிலையம் வைத்தால் கன்னியாகுமரியும் ஸ்ரீநகரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நம் ஊர் இடி மின்னல் இரைச்சலும் மலிவு எல்இடி விளக்குகளின் இரைச்சலும் தொல்லை தரும், மறுக்கவில்லை. ஆனால் இந்த அலையைப் பிடிக்கும் கடிகாரங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் சிக்னலைத் தேடும், ஒரு நாளில் ஒரு தடவை கிடைத்தால் கூடப் போதும். இணையமே இல்லாத கிடங்கு, கிராமத்துப் பள்ளி, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. அரசு யோசிக்க வேண்டும்.

இணையம் இருக்கும் கடைக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. டிவிஆர் மெனுவில் என்டிபி என்று, இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ள ஒரு இடம் இருக்கும், பெரும்பாலும் ஏதோ வெளிநாட்டு சர்வர் பெயரோடு அல்லது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் பெயரைப் போடச் சொல்லுங்கள், காசு கிடையாது. நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

- வாசகர், திருப்பூர்