சுவரில் துப்பாக்கி வேண்டாம் என்றேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. மருந்து இருக்கிறது, சாப்பிடத்தான் ஆள் இல்லை.

நம் பள்ளிக்கூடத்து மதிலில், பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களையும் வராமல் போனவர்களையும் படமாக வரைகிறார்கள். கம்மவான்பேட்டைக்கு மட்டும்தான் ராணுவப்பேட்டை என்ற பேரா என்று ஊர்ப் பையன்கள் கிளம்பிவிட்டார்கள். மதிலைச் சுரண்டினால் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு தேர்தல் சின்னம், அதற்கும் அடியில் எதிர்க்கட்சிச் சின்னம்! ஓவியர் விடிந்ததும் வருகிறார், பத்து மணிக்கு ஏணியை மடக்கிவிடுகிறார். வேலூர் வெயில் தெரிந்தவர்.

முதலில் வேலூர்க் கோட்டையை வரைந்தார். 1806 ஜூலை 10, சிப்பாய்ப் புரட்சி. புதுத் தொப்பி போடு, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு என்றால் யார் பொறுப்பார்கள்? அதை வரையட்டும். ஆனால், ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பியோடு வந்து புரட்சியை அடக்கிய குதிரைப்படையில் வெள்ளைக்காரர்களோடு மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள் என்று சொன்னேன். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது ருசிக்கவில்லை. ஓவியர் மட்டும் கேட்டுக்கொண்டார். குதிரைமேல் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு நம் நிறம் கொடுத்திருக்கிறார்.

லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில், முதல் உலகப்போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கிறது. நம் மதிலில் எண்ணிக்கை வேண்டாம், பெயர் எழுதுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். மேலத்தெரு மாமா 1987இல் இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணம் போனவர் அல்லவா? அவர் படமே வேண்டாம் என்றுவிட்டார். பெயரும் ரெஜிமெண்டும் போதுமாம். அமைதி என்று தலைப்புப் போட்ட மதிலில் அவர் பெயர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பையன்கள் கேட்டபோது, எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சண்டை என்னால்தான் வந்தது. எனக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, மீசையையும் முறுக்கி, பென்சிலில் கோடு போட்டுவிட்டார்கள். அமைதிக்கு ஒரு மூலையில் புறா. நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆள், பாலமும் பாதையும் போடுகிற படை. சர்வீஸ் முழுவதும் நான் அதிகம் தூக்கியது, துண்டு துண்டாகக் கோத்துப் போடும் பெய்லி பாலத்தின் இரும்புப் பேனலைத்தான். பத்தடி நீளம், ஒன்றைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஒருவன் தோளைத் தளர்த்தினாலும் மற்ற ஐந்து பேருக்கும் முதுகு போய்விடும். 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடிப் பாலத்தை நம் தம்பிகள் ராத்திரி பகலாகப் போட்டு முடித்ததை டி.வி.யில் பார்த்தேனே, அன்று சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன் என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். ராணுவம் செய்த வேலைதானே அதுவும்? புறாவை எடுத்துவிட்டு அங்கே பாலத்தை வரையச் சொன்னேன். பாலம் பார்க்க அழகாக இருக்காது என்கிறார் ஓவியர். இரும்பு அழகாக இருந்து என்ன ஆகவேண்டும்?

கடைசியில் படம் காட்டினால் வரைகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறார். பெங்களூரு அல்சூரில் எடுத்தது, நாங்கள் ஆறு பேரும் பேனலோடு நிற்போமே, அந்தப் புகைப்படத்தை நீதானே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாய்? வெள்ளிக்கிழமைக்குள் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடு. இடமிருந்து மூன்றாவது ஆள் நான். முகம் பாதி மறைந்திருக்கும், பரவாயில்லை. என்னை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதே, ஆறு பேரும் வரவேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்குச் சளி விட்டதா?

அன்புடன்,
அப்பா